பனிக்கால விருந்தாளிகள்



ஐப்பசி மழை ஓய்கிறது. கார்த்திகை பிறக்கிறது. காலையில் பனி விழுகிறது. அப்போது வயல் வரப்பில் ஒரு சின்னக் குருவி ஓடி ஓடி இரை தேடும். நின்றால் வாலை மேலும் கீழும் ஆட்டும். அதுதான் வாலாட்டிக் குருவி. மின்கம்பியில் வரிசையாகத் தகைவிலான் குருவிகள் உட்கார்ந்திருக்கும். சோளக் கொல்லையில் சூறைக்குருவிகள் கூட்டம் கூட்டமாக இறங்கும்.

இந்தக் குருவிகளை நாம் நெடுநாளாகப் பார்த்து வருகிறோம். ஆனால் இவற்றில் பல நம் ஊர்க் குருவிகள் அல்ல. இமயமலைக்கு அப்பாலிருந்து வருகின்றன. சில மத்திய ஆசியாவிலிருந்து வருகின்றன. இன்னும் சில சைபீரியாவிலிருந்து வருகின்றன. பாஸ்போர்ட் இல்லை. டிக்கெட் இல்லை. கையில் வரைபடமும் இல்லை. ஆனாலும் வழி தவறாமல் வந்து சேருகின்றன.

இப்படி வரும் பறவைகளில் சாதாரணமானவையும் உண்டு. மிக அரியவையும் உண்டு. அரிய பறவைகளைக் காண எங்கே போகலாம்? அவை ஏன் அரியவை ஆயின? அவற்றுக்கும் நமக்கும் என்ன உறவு? இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஏன் வருகின்றன?

குளிருக்குப் பயந்து பறவைகள் வருகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். பறவைக்கு இறகே கம்பளி. குளிரை ஓரளவு தாங்கிக்கொள்ளும். பசியைத்தான் அதனால் தாங்க முடியாது.

வட நாடுகளில் பனிக்காலத்தில் ஏரிகள் உறைந்து கல்லாகிவிடும். நிலத்தைப் பனி மூடிவிடும். புழு பூச்சிகள் இருக்காது. மீன் பிடிக்க வழி இருக்காது. பகல் பொழுதும் மிகக் குறுகிவிடும். அங்கேயே இருந்தால் பட்டினிதான். அதனால் உணவைத் தேடித் தெற்கே பறந்து வருகின்றன. இப்படிப் பருவந்தோறும் போய் வருவதை வலசை என்று சொல்வார்கள்.

சரி, இங்கேயே தங்கிவிடக் கூடாதா? ஏன் திரும்பிப் போக வேண்டும்?

அதற்கும் காரணம் உண்டு. கோடையில் வடக்கே பனி உருகும். பகல் நீளும். பூச்சிகள் கோடிக்கணக்கில் பெருகும். குஞ்சுகளுக்கு ஊட்ட அங்கே உணவு ஏராளம். கூடு கட்ட இடமும் ஏராளம். ஆகவே பங்குனி, சித்திரையில் திரும்பிவிடுகின்றன.

வெளிநாட்டுப் பறவைகள் இங்கே வந்து முட்டையிடுகின்றன என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது சரியல்ல. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வருபவை இங்கே தின்னவும் தங்கவும்தான் வருகின்றன. முட்டையிடுவது அவற்றின் சொந்த நாட்டில்தான். நம் ஏரி மரங்களில் கூடு கட்டும் கொக்கு, நாரை, கூழைக்கடா எல்லாம் பெரும்பாலும் நம் நாட்டுப் பறவைகளே.

வழி எப்படித் தெரிகிறது?

பகலில் சூரியனைப் பார்த்துத் திசை அறிகின்றன. இரவில் விண்மீன்களைப் பார்த்து அறிகின்றன. பூமிக்குக் காந்த சக்தி உண்டு. அதையும் பறவைகளால் உணர முடியும். ஆறு, மலை, கடற்கரை ஆகியவற்றையும் அடையாளம் வைத்துக்கொள்கின்றன.

சில பறவைகளின் குஞ்சுகள் தனியாகவே வழி கண்டுபிடித்து வந்துவிடும். ஆனால் பெருங்கொக்குகளும் பெரிய வாத்துகளும் அப்படியல்ல. முதல் பயணத்தில் குஞ்சு தாய் தந்தையுடன் சேர்ந்தே பறக்கும். வழியையும் தங்கும் இடத்தையும் அப்போதுதான் கற்றுக்கொள்ளும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பறவையின் கதைக்கு இது மிக முக்கியம்.

காலில் ஒரு வளையம்

இந்தப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் என்று ஓர் அமைப்பு உண்டு. 1883-ல் தொடங்கியது. பறவை அறிஞர் சாலிம் அலி அதில் நெடுங்காலம் உழைத்தவர். அவர் 1896-ல் பிறந்து 1987-ல் மறைந்தார். இந்தக் கழகத்தார் பறவைகளை வலையில் மெதுவாகப் பிடிப்பார்கள். காலில் லேசான உலோக வளையம் மாட்டுவார்கள். வளையத்தில் ஓர் எண் இருக்கும். கழகத்துக்குத் தெரிவிக்கும்படி ஒரு வரியும் இருக்கும். பிறகு பறவையைப் பறக்க விட்டுவிடுவார்கள்.

அந்தப் பறவை வேறு நாட்டில் யார் கையிலாவது கிடைக்கும். அவர் எண்ணைப் படித்துக் கடிதம் எழுதுவார். அப்படித்தான் பறவையின் ஊர் தெரிய வந்தது. தமிழ்நாட்டின் கோடியக்கரையிலும் பல ஆண்டுகளாக இந்த வளையம் மாட்டும் வேலை நடந்து வருகிறது.

பாருங்கள், அந்த வளையத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் இருந்ததால்தான் உலகுக்கு ஒரு செய்தி கிடைத்தது. எழுத்தறிவின் பயன் எங்கெல்லாம் போகிறது!

இப்போது வேறு முறையும் வந்துவிட்டது. பறவையின் முதுகில் சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். அது செயற்கைக்கோள் வழியாகப் பறவை இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும்.

பரத்பூர்: வராமல் போன கொக்கு

ராஜஸ்தானில் பரத்பூர் என்று ஒரு நகரம் உண்டு. ஆக்ராவுக்குப் பக்கம். அங்கே கேவலாதேவ் தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் பனிக்காலத்தில் அங்கே வாத்துகளும் நாரைகளும் கழுகுகளும் திரளும்.

ஒரு காலத்தில் அது மன்னரின் வேட்டைக் களம். 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ பிரபு அங்கே வேட்டைக்கு வந்தார். அந்த ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். இந்தக் கணக்கைக் கல்லில் பொறித்து வைத்தார்கள். அந்தக் கல் இன்றும் பூங்காவில் நிற்கிறது. அன்று அது பெருமைக் கல். இன்று பார்ப்பவர் தலை குனிகிறார்கள்.

இந்தியாவில் சைபீரியக் கொக்கு வந்து தங்கிய பெயர் பெற்ற இடம் பரத்பூர். நம் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு என்று நினைக்காதீர்கள். இது நாலரை அடி உயரம். உடல் பால் வெள்ளை. முகம் சிவப்பு. 5,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வரும். தண்ணீருக்கு அடியில் உள்ள கிழங்குகளைத் தோண்டித் தின்னும்.

1960-களில் சுமார் 200 கொக்குகள் வந்தன. பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. வரும் வழியில் சில நாடுகளில் வேட்டைக்காரர்கள் சுட்டார்கள். தங்கும் ஏரிகள் வற்றின. கடைசியாக 2002-ல் ஒரே ஒரு ஜோடி வந்து போனது. அதற்குப் பின் பரத்பூருக்கு ஒன்றும் வரவில்லை.

வேறு இடத்தில் வளர்த்த குஞ்சுகளை 1990-களில் பரத்பூரில் விட்டுப் பார்த்தார்கள். பலன் கிடைக்கவில்லை. ஏன்? வழி காட்டும் தாய் தந்தை இல்லையே! ஒரு கொக்கு செத்தால் ஒரு கொக்கு குறையும். வழி தெரிந்த கடைசிக் கொக்கு செத்தால் அந்த வழியே மறைந்துபோகும். சைபீரியக் கொக்கு உலகிலிருந்து அழிந்துவிடவில்லை. சீனாவில் போயாங் ஏரிக்கு இன்றும் ஆயிரக்கணக்கில் வருகிறது. ஆனால் இந்தியாவுக்கு வரும் வழியை அது மறந்துவிட்டது.

எருமையும் ஏரியும்

பரத்பூரிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. அது கிராம மக்களைப் பற்றியது.

1980-களின் தொடக்கத்தில் அந்த இடம் தேசியப் பூங்கா ஆயிற்று. உடனே மாடு மேய்க்கத் தடை வந்தது. சுற்றியுள்ள கிராம மக்கள் தலைமுறை தலைமுறையாக எருமைகளை அங்கேதான் மேய்த்து வந்தார்கள். அவர்கள் எதிர்த்தார்கள். 1982-ல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. சிலர் உயிரிழந்தார்கள். எருமைகள் வெளியேறின.

எருமை போனால் பறவைக்கு நல்லது என்று நினைத்தார்கள். நடந்தது வேறு. தண்ணீரில் ஒரு வகைப் புல் மண்டியது. முன்பு எருமைகள் அதைத் தின்றுவந்தன. இப்போது தின்ன யாரும் இல்லை. புல் தண்ணீரை மூடியது. மீன் குறைந்தது. வாத்து நீந்த இடம் இல்லை. கொக்கு கிழங்கு தோண்ட வழி இல்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பத்து ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். மேய்ச்சல் தடை ஏரிக்குக் கேடாக முடிந்தது என்றே அவர்கள் கண்டார்கள். பிறகு மக்களே உள்ளே போய்ப் புல் அறுத்துக்கொள்ள அனுமதி தந்தார்கள்.

மேய்ச்சல் எல்லா இடத்திலும் நல்லது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் அந்த மண்ணில் வாழ்பவரைக் கேட்காமல் சட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி.

பரத்பூரில் இன்னொரு நல்ல காட்சியும் உண்டு. பூங்காவுக்குள் ரிக்‌ஷா ஓட்டுபவர்கள் பலர் பறவைப் பயிற்சி பெற்றவர்கள். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் நூற்றுக்கணக்கான பறவைகளின் பெயர்களை ஆங்கிலத்தில் சொல்வார்கள். எந்த மரத்தில் எந்த ஆந்தை தூங்குகிறது என்று விரல் நீட்டிக் காட்டுவார்கள். படித்தவர்கள் அவர்களிடம் பாடம் கேட்கிறார்கள்.

கீச்சன்: கொக்குகளுக்கு விருந்து வைக்கும் ஊர்

ராஜஸ்தானின் பாலைப் பகுதியில் பலோடி என்ற ஊர் உண்டு. அதன் பக்கத்தில் கீச்சன் என்ற கிராமம். அங்கே வரும் கொக்குக்கு மக்கள் வைத்த பெயர் குர்ஜா. சாம்பல் நிற உடல். கறுத்த கழுத்து. கண்ணுக்குப் பின்னால் வெள்ளைக் குஞ்சம். மங்கோலியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வருகிறது. ஒரு பகுதி கொக்குகள் நேபாளத்தின் காளி கண்டகிப் பள்ளத்தாக்கு வழியாக இமயமலையைக் கடக்கின்றன. அங்கே கழுகுகள் தாக்கும். குளிர்காற்று தள்ளும். தப்பி வந்தவைதான் கீச்சனில் இறங்குகின்றன.

1970-களில் அந்த ஊரில் ஒருவர் புறாக்களுக்குத் தானியம் தூவி வந்தார். சில குர்ஜாக்களும் வந்து பொறுக்கின. அவர் விரட்டவில்லை. அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம் வந்தன. இன்று பனிக்காலத்தில் ஆயிரமாயிரமாக வருகின்றன. ஊர் மக்களும் வணிகர்களும் சேர்ந்து தானியம் வாங்குகிறார்கள். வேலி போட்ட களத்தில் பரப்பி வைக்கிறார்கள். காலையில் வானம் கறுக்க இறங்கித் தின்கின்றன. 2025-ல் இந்த ஊர், உலக முக்கியத்துவம் பெற்ற நீர்நிலைகளின் பட்டியலில் சேர்ந்தது.

அங்கேயும் கவலை இல்லாமல் இல்லை. ஊரைச் சுற்றி மின்கம்பிகள் பெருகிவிட்டன. பெரிய உடம்புள்ள பறவை சட்டென்று திரும்ப முடியாது. கம்பியில் மோதிச் சாகிறது.

சில்கா: வேட்டைக்காரரே காவலர் ஆனார்

ஒரிசா என்று முன்பு சொன்ன ஒடிசா மாநிலத்தில் சில்கா ஏரி உள்ளது. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் பெரிய காயல் அது. பனிக்காலத்தில் லட்சக்கணக்கான பறவைகள் அங்கே கூடும். பூநாரை, ஊசிவால் வாத்து, உள்ளான் எனப் பல வகை.

சில்காவின் வடகரையில் மங்களாஜோடி என்ற கிராமம். அங்கே பலருக்குப் பறவை பிடிப்பதே பிழைப்பாக இருந்தது. வலை போட்டார்கள். விஷம் வைத்தார்கள். கறியை விற்றார்கள். பறவைகள் சில ஆயிரமாகக் குறைந்தன.

அந்த மக்களிடம் சிலர் போய்ப் பேசினார்கள். ஒரு நாள் அல்ல. ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். 2000-ல் அந்த ஊர் மக்களே பறவைப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தார்கள். வேட்டைக்குப் போன அதே படகில் இப்போது காவலுக்குப் போனார்கள். பறவை எங்கே இருக்கும், எப்போது எழும்பும் என்பது அவர்களுக்குத்தானே நன்றாகத் தெரியும்! இப்போது வெளியூர்க்காரர்கள் பறவை பார்க்க வருகிறார்கள். படகு ஓட்டுவதிலும் வழி காட்டுவதிலும் ஊருக்கு வருமானம். பறவைகளின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டிவிட்டது. கருவால் மூக்கன் என்னும் நீண்ட அலகுப் பறவையை அங்கே கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம்.

நாகாலாந்து: ஒரே ஆண்டில் நடந்த மாற்றம்

அமூர் வல்லூறு என்பது சின்ன வேட்டைப் பறவை. எடை சுமார் 150 கிராம். சைபீரியாவின் கிழக்கிலும் வட சீனாவிலும் முட்டையிடுகிறது. பனிக்காலத்தைத் தென் ஆப்பிரிக்கப் பகுதியில் கழிக்கிறது. போகும் வழியில் நாகாலாந்தில் இறங்கி ஈசல் தின்று கொழுக்கிறது. பிறகு இந்தியாவைக் கடந்து, அரபிக் கடல் மேல் இறங்காமல் பறக்கிறது. கடல் வழி மட்டும் சுமார் 3,000 கிலோமீட்டர்.

நாகாலாந்தில் வோகா மாவட்டத்தில் தோயாங் அணை இருக்கிறது. அணை கட்டியபோது பலர் நிலம் இழந்தார்கள். மீன் பிடித்துப் பிழைத்தார்கள். ஐப்பசியில் வல்லூறுகள் வந்தபோது அதே வலையைக் கட்டிப் பறவை பிடித்தார்கள். 2012-ல் இதைச் சிலர் படம் எடுத்து வெளியிட்டார்கள். நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கொல்லப்பட்டன என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். நாடே அதிர்ந்தது.

பங்தி முதலிய கிராமங்களின் சபைகள் கூடின. தேவாலயங்களில் பேசினார்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் பேசினார்கள். வலை கட்டத் தடை போட்டார்கள். 2013-ல் அந்தப் பகுதியில் ஒரு வல்லூறுகூட வலையில் சாகவில்லை. அந்த ஆண்டு மூன்று வல்லூறுகளுக்குக் கருவி பொருத்தினார்கள். அவற்றுக்கு நாகா, வோகா, பங்தி என்று பெயர் வைத்தார்கள். தங்கள் ஊர்ப் பெயரில் ஒரு பறவை ஆப்பிரிக்கா போய் வருவதை மக்கள் ஆவலோடு கேட்டு அறிந்தார்கள்.

பிழைப்பு இழந்தவரிடம் "செய்யாதே" என்று சொல்வது எளிது. வேறு வழி காட்டுவதுதான் கடினம். அந்த ஊர்கள் வருமானம் இழந்தும் சொல் தவறவில்லை. அதை நாம் மறக்கக் கூடாது.

இன்னும் சில அரிய பறவைகள்

கருங்கழுத்துக் கொக்கு லடாக்கின் உயரமான ஏரிக்கரைகளில் முட்டையிடுகிறது. அருணாசலப் பிரதேசத்தில் சாங்தி, செமிதாங் ஆகிய பள்ளத்தாக்குகளுக்குப் பனிக்காலத்தில் விரல் விட்டு எண்ணும் அளவில் இந்தக் கொக்குகள் வருகின்றன. அங்குள்ள மோன்பா மக்கள் இதைப் புனிதமாகக் கருதுகிறார்கள். செமிதாங் பக்கம் ஒரு நீர்மின் திட்டம் வர இருந்தது. கொக்கு தங்கும் இடம் பாழாகும் என்று மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2016-ல் பசுமைத் தீர்ப்பாயம் அந்தத் திட்டத்தின் அனுமதியை நிறுத்தி வைத்தது.

வரித்தலை வாத்தின் வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் உண்டு. இமயத்தைத் தாண்டி வரும். 7,000 மீட்டருக்கும் மேலே இது பறந்ததைக் கருவிகள் பதிவு செய்துள்ளன. இமாசலப் பிரதேசத்தின் போங் அணை நீரில் பெருங்கூட்டமாகத் தங்கும். கர்நாடகத்தின் மாகடி ஏரிக்கும் நம் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்துக்கும் வரும்.

பூனைப்பருந்துகள் குஜராத்தின் வேலாவதார் புல்வெளியில் மாலையில் நூற்றுக்கணக்கில் தரையிறங்கித் தூங்கும். பகலில் வயல்வெளி மேல் தாழப் பறந்து வெட்டுக்கிளிகளைப் பிடிக்கும். சம்பளம் வாங்காத பூச்சி மருந்து என்று இவற்றைச் சொல்லலாம்.

கஜகஸ்தானிலிருந்து ஓர் ஆட்காட்டிப் பறவையும் வருகிறது. உலகிலேயே மிகவும் குறைந்துபோன பறவைகளில் ஒன்று. குஜராத், ராஜஸ்தான் பகுதிகளின் வறண்ட நிலங்களிலும் உழுத காடுகளிலும் சிறு கூட்டமாகக் காணப்படுகிறது.

சாம்பர் ஏரியில் நடந்தது

பறவைகளுக்கு ஆபத்து துப்பாக்கியால் மட்டும் வருவதில்லை. ஜெய்ப்பூர் அருகே சாம்பர் உப்பு ஏரி உள்ளது. 2019 நவம்பரில் அங்கே சுமார் 18,000 பறவைகள் செத்து மிதந்தன. முதலில் காரணம் புரியவில்லை. பிறகு ஆய்வு செய்து கண்டுபிடித்தார்கள்.

காற்றுப் புகாத சேற்றில் ஒரு நுண்கிருமி வளர்ந்து நஞ்சை உண்டாக்குகிறது. அந்த நஞ்சு உடம்பில் சேர்ந்தால் பறவையின் கால், இறக்கை, கழுத்து செயல் இழக்கும். பறவை சாகும். செத்த உடலில் புழு வைக்கும். அந்தப் புழுவிலும் நஞ்சு இருக்கும். அதை இன்னொரு பறவை தின்னும். அதுவும் சாகும். இப்படி ஒன்று பத்தாகும், பத்து நூறாகும்.

இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. செத்த பறவைகளை உடனே அகற்றிப் புதைக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும். ஆகவே, உங்கள் ஊர் ஏரியில் பல பறவைகள் சேர்ந்தாற்போல் செத்துக் கிடந்தால் சும்மா இருக்காதீர்கள். உடனே வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள். வெறும் கையால் தொடாதீர்கள். பிள்ளைகளையும் தொட விடாதீர்கள்.

எங்கே, எப்போது?

பரத்பூர், ராஜஸ்தான்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஊரில் ரயில் நிலையம் உண்டு.

கீச்சன், ராஜஸ்தான்: அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. பலோடி வரை ரயிலில் போகலாம். காலை நேரம் நல்லது.

சில்கா, மங்களாஜோடி, ஒடிசா: டிசம்பர், ஜனவரி. சென்னையிலிருந்து ஹவுரா போகும் ரயில் பாதை சில்கா ஓரமாகவே போகிறது.

வேலாவதார், குஜராத்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மாலை நேரம் நல்லது.

போங் அணை, இமாசலப் பிரதேசம்: நவம்பர் முதல் மார்ச் வரை.

தோயாங், நாகாலாந்து: அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை. நாகாலாந்துக்கும் அருணாசலத்துக்கும் போக வெளிமாநிலத்தார் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

கோடியக்கரை, தமிழ்நாடு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை. பூநாரைகளும் உள்ளான்களும் கூடும்.

எப்படிப் பார்ப்பது?

சூரியன் உதித்த பின் முதல் இரண்டு மூன்று மணி நேரம் நல்லது. மாலை நான்கு மணிக்குப் பின்னும் நல்லது. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் பறவையின் நிறம் தெரியும்.

மண் நிறத்தில், இலை நிறத்தில் உடுத்துங்கள். சத்தம் போடாதீர்கள். கல் எறிந்து பறக்க விடாதீர்கள். நெடுந்தூரம் பறந்து வந்த பறவைக்கு ஒவ்வொரு முறை எழும்புவதும் வீண் செலவு. திரும்பிப் போகத் தேவையான கொழுப்பு அதனால் கரைந்துவிடும்.

பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கவலை இல்லை. முதலில் அளவைப் பாருங்கள். குருவி அளவா, காக்கை அளவா, கோழி அளவா? அலகு நீளமா, குட்டையா? கால் என்ன நிறம்? தனியாக இருக்கிறதா, கூட்டமா? இவ்வளவு பார்த்தால் போதும். பெயரைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நமக்கு என்ன வேலை?

1987-ஆம் ஆண்டு முதல் ஆசிய நாடுகளில் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். ஆசிரியர், மாணவர், விவசாயி யார் வேண்டுமானாலும் சேரலாம். எந்த ஏரியில் பறவை கூடியது, எதில் குறைந்தது என்பது இந்தக் கணக்கால்தான் தெரிகிறது. சைபீரியக் கொக்கு குறைந்துவருவதும் எண்ணிப் பார்த்ததால்தான் தெரிந்தது. எண்ணாமல் விட்டிருந்தால் அது வராமல் போனதுகூடத் தெரிந்திருக்காது.

உங்கள் ஊர்க் குளத்திலும் இதைச் செய்யலாம். ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். நான்கு கோடு போடுங்கள். முதல் கட்டத்தில் தேதி. அடுத்ததில் இடம். அடுத்ததில் பறவை. கடைசியில் எண்ணிக்கை. பறவையின் பெயர் தெரியாவிட்டால் உங்கள் ஊரில் சொல்லும் பெயரை எழுதுங்கள். எங்கள் மையத்தில் படிக்கும் ஒரு பாட்டிக்கு முப்பதுக்கு மேற்பட்ட பறவைப் பெயர்கள் தெரியும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பெயர்களும் அதில் உண்டு. இத்தனை நாள் அவை அவர் நாவில் மட்டும் இருந்தன. இப்போது அவர் கையெழுத்திலேயே நோட்டில் இருக்கின்றன.

ஏரியை ஆக்கிரமிக்காமல் பார்த்துக்கொள்வோம். குப்பையும் சாக்கடையும் சேராமல் தடுப்போம். பறவையைச் சுடுவதும் பிடிப்பதும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதை அக்கம் பக்கத்தாருக்குச் சொல்வோம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பக்கத்து மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஏரியில் தண்ணீர் இருந்தால் பறவை வரும். அதே தண்ணீர்தான் நம் கிணற்றிலும் ஊறுகிறது. ஏரி செத்தால் முதலில் பறவை போகும். அடுத்து நம் பயிர் வாடும். ஆகவே பறவையைக் காப்பது தனி வேலை அல்ல. ஊரைக் காக்கும் வேலையில் அதுவும் ஒன்று.

கலந்து பேசுவோம்

1. பறவைகள் ஏன் வலசை வருகின்றன? ஏன் திரும்பிப் போகின்றன?

2. சைபீரியக் கொக்கு பரத்பூருக்கு வராமல் போனது ஏன்?

3. மங்களாஜோடி, பங்தி ஆகிய ஊர் மக்கள் எப்படி மாறினார்கள்? உங்கள் ஊரில் இப்படி ஒரு மாற்றம் கொண்டுவர என்ன செய்யலாம்?

4. எருமை மேய்ச்சலைத் தடுத்ததால் பரத்பூரில் என்ன நடந்தது? மக்களைக் கேட்டுச் செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

5. உங்கள் ஊர் ஏரிக்கு முன்பு வந்து இப்போது வராத பறவை எது? பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்.